அது என்ர பெல்ட்டுங்க

முதுகு வலிங்களா தம்பி? இல்ல, அரக்கோணம் தாண்டுனதுல இருந்து பாக்கறன், நெளிஞ்சுக்கிட்டே வர்றீங்க. கம்ப்யூட்டர் வேலைங்களா? அதான பாத்தேன். உக்காந்தே இருந்தா இடுப்பு போயிருமுங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இப்பப் பாருங்க, எப்படி நிமுந்து உக்காந்திருக்கேன்! எதனாலங்கறீங்க? இருங்க, சட்டையச் செத்த தூக்கறன். தெரியுதுங்களா? காந்த பெல்ட்டு. உள்ளுக்குள்ள சுத்திலும் குட்டிக் குட்டியா காந்தம் வச்சுத் தைச்சிருக்கு. பொருட்காட்சியில வாங்குனது. சாதாரண பெல்ட்டுன்னு நெனச்சுராதீங்க. ஜெர்மனியில பெரிய பெரிய விஞ்ஞானிக எல்லாம் சேந்து ஒண்ணரை நாளு தேடுன பெல்ட்டுங்க இது.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றன். நேத்து மெட்ராஸ்ல ஒரு மண்டபம் நெறையப் படிச்சவங்க உக்காந்து இந்த பெல்ட்டுக்குக் கை தட்டுனாங்க. கோயமுத்தூரு வர்றதுக்கு இன்னும் எம்புட்டோ நேரம் கெடக்குது. நீங்களே முழுசாக் கேட்டுட்டு நாயத்தச் சொல்லுங்க.

என்ர பேரு சென்னியப்பனுங்க. டவுன்ஹால் பக்கத்துல மோட்டார் பம்பு கடை வச்சிருக்கேன். ஊட்டுக்காரி பேரு சாந்தாமணி. டாக்டர் சாந்தாமணி. ஊசி போடற டாக்டர் இல்லீங்க, காலேஜுல பிசிக்ஸ் புரொபசர். கல்யாணமாகி இருவது வருசமாச்சு. அவ என்ன ஆராய்ச்சி பண்றான்னு யாராச்சும் கேட்டா, ‘கண்ணாடி’ன்னு சொல்லிருவேன். கல்யாணமான புதுசுல காந்தம், கண்ணாடின்னு என்னமோ சொன்னா. காந்தம் மறந்து போச்சு, கண்ணாடி மட்டும் நெனவுல நின்னுக்கிச்சு. என்ர மச்சான் ஊடு கட்டறப்ப ஜன்னல் கண்ணாடிக்கு அவகிட்டத்தான் போயி வெலை விசாரிச்சான். பெரியம்மா மவ ஒருத்தி மூக்குக் கண்ணாடியக் கொண்டாந்து நீட்டுனா. சாந்தா அதத் தொடச்சு, திருகாணிய முறுக்கிக் குடுத்தனுப்பிச்சுட்டா. அவ்வளவு பொறுமைங்க அவளுக்கு. பின்ன, ஊட்டுல நான் ஒரு தொந்தரவும் குடுக்கறதில்ல, பொறுமை தானா வருது.

போன வருசம் அவ ஜெர்மனிக்குக் கெளம்புனா. அங்க ஒரு அணு உலை இருக்குது. ஊருப் பேரு நம்ம வாயில நுழையாது, வுடுங்க. அந்த உலையில இருந்து நியூட்ரான்னு ஒரு துகளு, கொழாயில தண்ணி வர்றாப்பல வந்துக்கிட்டே இருக்குமாம். சுத்தியும் ஏகப்பட்ட மிஷினு. ஒரு மிஷின் முன்னால நம்ம சாமானக் கொண்டு போயி வச்சா, துகளு அதுல பட்டுச் செதறிப் போகும். செதறுனத அளந்து பாத்து, உள்ள என்ன இருக்குன்னு சொல்லிருவாங்க. இவளோட சாமான் என்னங்கறீங்க? செம்புல கொஞ்சம் மாங்கனீசு கலந்து உருக்குன ஒரு துண்டு. சுண்டுவெரலுத் தண்டி. அத்தனூண்டுத் துண்டுக்கு ஜெர்மனி!

அஞ்சு நாளுதான் குடுத்திருந்தாங்க. அதுக்கே ஒரு வருசம் முன்னாடி எழுதிப் போட்டு, ஒரு கமிட்டி உக்காந்து படிச்சு, எத்தனையோ பேருக்கு இல்லைன்னுட்டு இவளுக்கு ஒத்துக்கிட்டாங்களாம். அஞ்சாம் நாளு முடிஞ்சா அடுத்த ஆளு வாசல்ல நிப்பான். ஒரு மணி நேரம் கூடக் கேக்க முடியாது.

அதுக்கு முன்னாடி மூணு தடவ அவ தனியாத்தான் போயிட்டு வந்தா. இந்த வாட்டி நான் சொன்னேன், “பொம்பளப்புள்ள தனியாப் போறது நல்லாயில்ல, நானும் வர்றன்.”

“வேண்டாங்க மாமா, உங்களுக்கு அங்க பொழுது போகாது”ன்னா.

வாயி வேண்டாங்கும், மனசு வேணுங்கும். இருவது வருசம் குடும்பம் நடத்துனவனுக்கு அது தெரியாதுங்களா? டிக்கெட்டப் போட்டுட்டேன்.

மொத நாளு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. உல்ரிக்கேன்னு ஒரு அம்மா, நல்ல ஒசரம், அவங்கதான் அந்த மிஷினுக்குப் பொறுப்பு. என்னயப் பாத்ததும் சாந்தாகிட்ட என்னமோ கேட்டாங்க. இவ கெஞ்சற மாதிரி என்னமோ சொன்னா. அப்பறம் என்ர சட்டையில ஒரு வில்லைய மாட்டி வுட்டு உள்ள வுட்டாங்க. வாசல்ல ஒரு போர்டு இருந்துச்சு. காந்தம் படம் போட்டு, அதும்மேல செவப்புக் கோடு. உள்ள பெரிய காந்தம் இருக்குது, சூதானமாப் போங்கன்னு எச்சரிக்கறாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன். நான் என்ன காந்தத்தையா தூக்கிட்டுப் போறன்? பெல்ட்டுத்தான போட்டிருந்தேன்.

மிஷினுக்கு நீளமா ரெண்டு கையி. கையச் சுத்தி செம்புக் கம்பிச் சுருளு, நம்ம மோட்டார் காயில் மாதிரியே. எனக்கு ஒரே குஷி. “இதெல்லாம் எனக்குத் தெரியும், நான் மோட்டார் லைன்தான்”ன்னு உல்ரிக்கே அம்மாகிட்ட இங்கிலீசுல சொன்னேன். அவங்க ரொம்ப மரியாதையா, “அப்படியா, காபி சாப்புடறீங்களா?”ன்னு கேட்டாங்க. அன்னிக்கு மட்டும் என்னயக் காபி குடிக்கச் சொல்லி எத்தனை தடவ உபசரிச்சாங்கன்னு கணக்கே இல்ல. நான் வாயத் தொறந்தாப் போதும், காபி. அப்படியொரு விருந்தோம்பலுங்க.

குளுரு நாடுன்னு சாந்தா எனக்கு ஸ்வெட்டரு, கோட்டுன்னு போட்டு வுட்டிருந்தா. உள்ள வந்தா வேர்த்துக் கொட்டுது. பெல்ட்டுக்கு அடியில ஒரே அரிப்பு. மிஷினோட கைக்குப் பக்கத்துல ஒரு அலுமினியக் கம்பி இருந்துச்சு, துணி காயப்போடறதுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி. எல்லாரும் அக்கட்டப் போன சமயத்துல பெல்ட்ட அவுத்து, ஒயருகளுக்குப் பின்னால வாகா மாட்டி வுட்டேன். நாகரிகமான எடம் பாருங்க, நாலு பேரு கண்ணுல படற மாதிரி தொங்க வுடக் கூடாதில்ல?

பொறகு சாப்படப் போனமா, மறந்துட்டேன். தங்கற எடத்துக்கு வந்தப்பறந்தான் நெனவு வந்துச்சு. சரி, திருட்டுப் பயமில்லாத நாடு, கெடக்கட்டும்னு படுத்துட்டேன்.

அடுத்த நாளு மிஷினு மக்கர் பண்ணுதுங்க! என்ன ஆச்சுன்னு சாந்தா எனக்கு ஒரு வழியா வெளங்க வச்சா. அந்த நியூட்ரான் ஒவ்வொண்ணும் பம்பரமாட்டம் சுத்திக்கிட்டே போகுமாம். மொதக் கையில எத்தனை சுத்துச்சோ, ரெண்டாங் கையில அத்தனையும் திருப்பிச் சுத்தி, பொறப்பட்டப்ப எப்படி நின்னுச்சோ அப்படியே வந்து நிக்கணும். நடுவுல இருக்கற துண்டுக்குள்ள ஏதாச்சும் அசைஞ்சிருந்தா கணக்கு ஒதைக்கும். எவ்வளவு ஒதைக்குதோ அவ்வளவு அசைஞ்சிருக்குன்னு அர்த்தம். ஆனா மொதல்ல, அசையவே அசையாத ஒரு சாமான வச்சுச் சரிபாப்பாங்க. அதுலயே கணக்கு ஒதைச்சா? ஒதைச்சுதே!

மேல ஓடற கிரேனாலன்னாங்க. பக்கத்து மிஷின்ல இருக்கற பெரிய காந்தத்தாலன்னாங்க. அத நிறுத்தச் சொல்லி அந்தாளுகளோட ஒரு சண்டை. காயிலக் கழட்டி மாட்டுனாங்க. நான் போயி, “எர்த் சரியில்லாம இருக்கும், பாருங்க”ன்னு சொன்னேன். உடனே காபி வந்துருச்சு.

சாந்தா மொகத்தப் பாக்க முடியல. சோறு தண்ணியில்லாம அந்தக் கம்ப்யூட்டர் திரையவே பாத்துக்கிட்டு நிக்கறா. எனக்கா, பெல்ட்டு இல்லாம இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஆளாளுக்கு ஒரு கஷ்டம்.

மூணாம் நாளு மத்தியானம் உல்ரிக்கே அம்மா, காந்தம் எங்கெங்க எவ்வளவு இருக்குன்னு அளக்கற ஒரு கருவியக் கையில புடிச்சுக்கிட்டு, மிஷினு ஓரமா அடி அடியா நடந்து வந்தாங்க. அந்தக் கம்பிகிட்ட வந்ததும் நம்பரு எகிறிக் குதிச்சுது. ஒயருக்குப் பின்னால கைய வுட்டு இழுத்தாங்க. என்ர பெல்ட்டு!

எல்லாரும் பெல்ட்டப் பாக்கறாங்க. ‘அட, இங்கயா இருக்குது, நல்லவேளை’ன்னு நான் கைய நீட்டிட்டு ஒரு எட்டு எடுத்து வெக்கறன், அதுக்குள்ள சாந்தா முன்னால போயி நின்னு சொல்றா:

“அது என்னோடது. முதுகு வலிக்குப் போட்டுக்கறது. கழட்டி வச்சுட்டு மறந்துட்டேன். மன்னிச்சுக்கங்க.”

எப்படி இருக்குது கதை? அவளுக்கு முதுகு வலியே கெடையாதுங்க! பெல்ட்டும் அவளுது கெடையாது. “நீயும் ஒண்ணு போட்டுக்க, ரத்த ஓட்டத்துக்கு நல்லது”ன்னு நான் எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். “காந்தத்துக்கும் ரத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க மாமா”ன்னு ஒவ்வொரு தடவையும் மறுத்தவ. அத்தனை பேரு முன்னால, கூசாம, என்ர பெல்ட்ட அவளுதுங்கறா.

அங்கத்த விஞ்ஞானி, தாடி வச்ச ஒரு பெரியவரு இருந்தாரு. அவரு மொதல்ல சிரிக்க ஆரம்பிச்சாரு. காந்தத்தப் பத்தியே ஆராய்ச்சி பண்றவங்க காந்த பெல்ட்டுக் கட்டறாங்களாம்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். மத்தவங்களும் சிரிச்சாங்க. உல்ரிக்கே அம்மா மட்டும் சிரிக்கல. சாந்தாவப் பாத்தாங்க, என்னயப் பாத்தாங்க, பெல்ட்டோட நீளத்தப் பாத்தாங்க. அதச் சாந்தா கையிலயே குடுத்துட்டுப் போயிட்டாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் கேட்டேன். “ஏன் சாந்தா, என்ர பெல்ட்ட எதுக்கு உன்னுதுன்னு சொன்னே?”

“வுடுங்க மாமா. என்னுதுன்னா சிரிச்சுட்டுப் போயிருவாங்க. உங்களுதுன்னு தெரிஞ்சா உங்கள இனி உள்ளயே சேக்க மாட்டாங்க.”

“என்னய எதுக்குச் சேக்காம இருக்கறாங்க?”

அவ கட்டல்ல உக்காந்து கையப் பெசைஞ்சுக்கிட்டு இருந்தா. ஏழெட்டு விதக் குளுருல அந்தத் துண்ட அளக்கணும்னு வந்திருந்தாளாம். இனிமே ஒண்ணே ஒண்ணுக்குத்தான் நேரமிருக்குது. எதன்னு முடிவு பண்ணணும். தப்பா எடுத்தா வந்ததே தண்டம், இன்னொரு தடவ எடம் கெடைக்கறதும் சந்தேகம்.

டி.வி.யில பூரா ஜெர்மன். வேற என்ன பண்றது? கேட்டேன், “அந்தத் துண்டுக்குள்ள அப்படி என்னதான் இருக்குது?”

அவ என்னய ஒரு மாதிரி பாத்தா. வெளையாட்டுக்குக் கேக்கறனான்னு பாத்தா போல. அப்பறம் மெதுவாச் சொல்ல ஆரம்பிச்சா. “காந்தத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி முள்ளுக இருக்குதுன்னு வச்சுக்கங்க. சாதாரணக் காந்தத்துல எல்லாம் ஒரே பக்கம் பாக்கும். என்ர துண்டுல அப்படியில்ல. ஒண்ணு பக்கத்துல இருக்கறதோட ஒத்துப்போகணும்னா இன்னொண்ணோட மொறைச்சுக்க வேண்டி வரும். எல்லாத்தோடயும் ஒத்துப்போக ஒரு வழியும் இல்ல.”

“நம்ம ஒறம்பரைக பந்தியில உக்கார்ற மாதிரிங்கறே. பெரியப்பன் பக்கத்துல சித்தப்பன் உக்கார மாட்டாரு, சித்தப்பன உட்டா அத்தை எந்திரிச்சுப் போயிரும்.”

சிரிச்சுட்டாளுங்க! “அதேதான் மாமா, அதேதான்! அப்படியே குளுர வச்சா, ஆளுக்கொரு தெசையப் பாத்தபடி ஒறைஞ்சு போயிரும். கண்ணாடியில அணுவெல்லாம் கலைஞ்சபடியே நின்னுபோன மாதிரி. அதனாலதான் கண்ணாடின்னு பேரு. ஆனா முழுசா ஒறைஞ்சிருச்சா, இல்ல, ரொம்ப ரொம்ப மெதுவா இன்னும் அசைஞ்சுக்கிட்டுத்தான் இருக்குதா? இதுதான் என்ர கேள்வி. படிக்கறப்ப இருந்து இதத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.”

கையக் கைய ஆட்டிச் சொல்றா. தலையணைய எடுத்து நடுவுல வச்சு, இது துண்டுங்கறா. சீப்ப எடுத்து, இது நியூட்ரானுங்கறா. கன்னமெல்லாம் செவந்து போச்சு. கல்யாணத்தன்னிக்குக் கூட அந்த மொகத்த நான் பாக்கலீங்க.

“இத்தனை நாளா ஏன் எங்கிட்டச் சொல்லல?”ன்னு கேட்டேன்.

“நீங்க கேக்கலையே மாமா”ன்னா.

பாருங்க தம்பி, எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரின்னு! இருவது வருசம்! ஒரே ஊட்டுல!

அப்பறம் நான்தான் அவளுக்கு ரோசனை சொன்னேன். “கடையில எடம் பத்தலைன்னா நாங்க என்ன பண்ணுவோம்? நாலு பேரு கேக்கற மாடலத்தான் எடுத்து முன்னால வெப்போம். நீயும் அப்படிப் பண்ணு.” அவ செத்த நேரம் யோசிச்சா. “யாருமே கேக்காத எடம் ஒண்ணு இருக்குதுங்க மாமா. ரொம்பக் குளுரு. அங்க எல்லாம் ஒறைஞ்சு போச்சு, பாக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதி வச்சிருக்கறாங்க. அங்கயே பாத்தர்றன்”ன்னு எந்திரிச்சா. நான் சொன்னதுக்கு நேர் எதுரு. ஆனா நான் சொல்லாம இருந்தா அவளுக்கு அது தோணியிருக்குங்களா?

கடைசி ரெண்டு நாளும் அந்த ஒத்தக் குளுருலயே வச்சு அளந்தா. என்னய மிஷின் பக்கத்துல உக்கார வெக்கல. வெளிய கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் தனி நாற்காலி, மரியாதையா. அங்கிருந்தே திரை தெரியும். அரை மணி நேரத்துக்கு ஒரு புள்ளிதான் வுழுகும். கோடு மட்டமாப் படுத்துரும்னு தாடிக்காரப் பெரியவரு சொல்லிக்கிட்டே இருந்தாராம். மட்டமாப் படுத்தா ஒறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். புள்ளி வுழுந்துச்சு, வுழுந்துச்சு. மட்டமாத்தான் தெரிஞ்சுது. கடைசி நாளு காத்தால பாத்தா, லேசா, நம்ம களத்துல தண்ணி வடியறதுக்கு வாட்டம் வுடுவோம் பாருங்க, அந்த மாதிரி ஒரு சாய்மானம். அசையுது! நின்னுபோச்சுன்னு அத்தனை பேரும் சொன்னது அசைஞ்சுக்கிட்டுத்தான் இருக்குது!

சாந்தா திரும்பி, தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து என்னயத்தான் தேடுனா. அவ்வளவு பேரு சுத்தி நிக்கறாங்க. நான் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுனேன். கையில இருந்த காபி கோட்டு மேல சிந்திருச்சு.

கதை அதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் உங்ககிட்டச் சொல்றன்? அந்தத் தாடிக்காரப் பெரியவரு சும்மா இருக்கலீங்க. எந்த ஊருக் கூட்டத்துக்குப் போனாலும் பெல்ட்டுக் கதையச் சொல்லி, அது ஒலகம் பூரா பரவிப் போச்சு. நம்ம காலேஜுப் புள்ளைக வரைக்கும் வந்துருச்சு. ‘பெல்ட் மேடம்’னு பேரு வச்சிருக்கறாங்களாம். இவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

நேத்து மெட்ராஸ்ல இவளுக்குப் பேச்சு. அந்தச் சாய்மானக் கோட்டப் பத்தித்தான். பெரிய கூட்டம். நான் மூணாவது வரிசை. அறிமுகப்படுத்த வந்த புரொபசரு இவ படிப்பு, பட்டம் எல்லாஞ் சொன்னாரு, நல்லாத்தான் சொன்னாரு. கடைசியில, “இவங்களப் பத்தி இன்னொண்ணும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். காந்தத்துல நிபுணர், ஆனா முதுகு வலிக்குக் காந்த பெல்ட்டுத்தான் நம்புவாங்க”ன்னு இங்கிலீசுல சொன்னாரு. மண்டபமே சிரிச்சுது. மேடையில சாந்தாவும் சிரிச்சா. பல் டாக்டர் முன்னால வாயத் தொறந்து காட்டுவோமே, அந்த மாதிரி ஒரு சிரிப்பு.

எனக்குச் சுர்ருன்னுச்சுங்க. ஒருத்தன் பொருள எத்தனை நாளைக்குத்தான் இன்னொருத்தர் பேருல சொல்லிக்கிட்டிருப்பாங்க? எந்திரிச்சுட்டேன்.

“சார், ஒரு நிமிசம்! அது என்ர பெல்ட்டுங்க!”

தமிழ்லயே சொன்னேன். அத்தனை தலையும் திரும்புச்சு. “அந்தம்மா இதையெல்லாம் நம்பறதே கெடையாதுங்க. காந்தத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு இருவது வருசமா எங்கூடச் சண்டை. மிஷினு மேல கழட்டி மாட்டுனது நான். அவ ஒரு நாளும் இதக் கட்டுனதில்ல. வேணும்னாப் பாருங்க, என்ர அளவு!” சட்டையத் தூக்கிக் காட்டுனேன், இப்ப உங்களுக்குக் காட்டுன மாதிரியே.

அப்பறம் கை தட்டுனாங்க பாருங்க! பின்னால இருந்த பொம்பளப் புள்ளைக எந்திரிச்சு நின்னே தட்டுச்சுங்க. பெல்ட்டுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும்னு நானே நெனைக்கல. அறிமுகப்படுத்துன புரொபசரு மூஞ்சி சுருங்கிப் போயி, சாந்தாகிட்ட மன்னிப்புக் கேக்கறாரு. அவரு எதுக்குக் கேட்டாருன்னு எனக்கு வெளங்கல, மன்னிப்புன்னா எங்கிட்டத்தான கேக்கணும், பெல்ட்டு என்னுது. சாந்தா ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு நின்னா. அழுகறாளா, சிரிக்கறாளான்னு மூணாவது வரிசையில இருந்து தெரியல. அப்பறம் தொண்டையச் செருமிட்டுப் பேச ஆரம்பிச்சா. என்ன பேச்சுங்க அது! ஒரு மணி நேரம், ஒருத்தரும் இருமக்கூட இல்ல.

பேச்சு முடிஞ்சு மத்தியானம் சாப்படறதுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டலுக்குப் போனோம். நாளைக்கும் அவளுக்குக் கூட்டம் இருக்குது, நான் கடையப் பாக்கணும்னு இன்னிக்கே கெளம்பிட்டேன். ரோட்டோரம் நின்னப்ப கேட்டா, “அத்தனை பேரு முன்னால ஏங்க மாமா சொன்னீங்க? உங்களுக்கு வெக்கமா இல்லையா?”

“என்ர பொருள என்னுதுன்னு சொல்றதுக்கு என்ன வெக்கம்?”ன்னேன்.

அவ என்ர கையப் புடிச்சுக்கிட்டா. இருவது வருசத்துல நடுரோட்டுல கையப் புடிச்சவ இல்லீங்க அவ. அந்தப் பக்கம் போயி, ஓட்டலுக்குள்ள நொழைஞ்சு, எல போடற வரைக்கும் உடவேயில்ல.

மெட்ராஸ் ரோடு பாருங்க, வண்டி ஜாஸ்தி. பயந்துட்டா போல.